மாடியிலிருந்து இறங்கும் கூடை: விஎம்மும் ஹோஸ்டும் பேசிக்கொள்ளும் வி-சாக்

உங்கள் லினக்ஸ் கணினியில் ஒரு விஎம், அதாவது கணினிக்குள் ஓடும் ஒரு மெய்நிகர் கணினி, ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் இருக்கும் ஒரு சின்ன புரோகிராம், வெளியே ஹோஸ்டில், அதாவது விஎம்மை ஓட்டும் உங்கள் கணினியில், இருக்கும் இன்னொரு புரோகிராமிடம் ஒரே ஒரு வரி சொல்ல வேண்டும்: "நான் பூட் ஆகிவிட்டேன், வேலை கொடு." அவ்வளவுதான். எப்படிச் சொல்ல வைப்பீர்கள்?

நம்மில் பெரும்பாலோர் யோசிக்காமல் நெட்வொர்க் பக்கம்தான் போவோம். விஎம்முக்கு ஒரு மெய்நிகர் நெட்வொர்க் கார்டு, அதற்கு ஒரு ஐபி முகவரி, ஹோஸ்டில் ஒரு பிரிட்ஜ், அப்புறம் டிசிபி இணைப்பு. வேலை நடக்கும். ஆனால் அந்த ஒரு வரி போகிற பாதையைப் பாருங்கள். விஎம்மின் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அதை டிசிபியில் சுற்றி, ஐபியில் சுற்றி, ஈதர்நெட்டில் சுற்றி, போலி கார்டு வழியாக வெளியே தள்ளுகிறது. ஹோஸ்டின் கெர்னல் அதை வாங்கி, பிரிட்ஜில் ஏற்றி, ஃபயர்வால் விதிகளைப் பார்த்து, சுற்றிய உறைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, கடைசியில் உங்கள் புரோகிராமிடம் கொடுக்கிறது. இத்தனைக்கும் இரண்டு பேரும் இருப்பது ஒரே பெட்டியில், ஒரே ராமில்.

வேகத்தை விட இதில் பெரிய தொல்லை வேறு. முன்பு நான் வேலை செய்த ஓர் இடத்தில் சோதனைக்கென்று பத்துப் பதினைந்து விஎம்கள் ஓடும், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு ஏஜென்ட், அது ஐபி வழியாக ஹோஸ்டிடம் முடிவைச் சொல்லும். சோதனைகளில் பாதி நெட்வொர்க் அமைப்பையே மாற்றிப் பார்க்கும் சோதனைகள். ஒரு சோதனை விஎம்முக்குள் ரூட்டிங்கையோ ஃபயர்வாலையோ தொட்டுவிட்டால் ஏஜென்ட்டின் குரலும் அதோடு நின்றுவிடும். சோதனை தோற்றதா, விஎம் தொங்கிவிட்டதா, அல்லது எல்லாம் சரியாக முடிந்து சொல்ல வழியில்லாமல் நிற்கிறதா என்று வெளியிலிருந்து கண்டுபிடிக்கவே முடியாது. அந்தக் குழப்பத்தில் நான் இரண்டு முழு நாட்களை விட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் புரிந்தது: விஎம்மைக் கட்டுப்படுத்தும் பேச்சு, அந்த விஎம்மின் நெட்வொர்க்கை நம்பி இருக்கக் கூடாது. அதற்குத் தனி வழி வேண்டும். லினக்ஸ் கெர்னலில் அந்த வழியின் பெயர் ஏஎஃப்_விசாக். நாம் வி-சாக் என்று சொல்வோம்.

முதலில் சாக்கெட் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். இரண்டு புரோகிராம்கள் பேசிக்கொள்ள கெர்னல் திறந்துவிடும் வாசல்தான் சாக்கெட். அந்த வாசலை எந்த மாதிரி முகவரி வைத்துக் கண்டுபிடிப்பது என்பதை சாக்கெட்டின் குடும்பம் சொல்கிறது. ஏஎஃப்_ஐநெட் குடும்பத்தில் முகவரி என்பது ஐபியும் போர்ட் எண்ணும். ஏஎஃப்_யூனிக்ஸ் குடும்பத்தில் முகவரி ஒரு ஃபைலின் பாதை. ஒரே கணினிக்குள் இருக்கும் புரோகிராம்கள் பேச இதுதான் சுலபமான வழி.

"அப்படியானால் யூனிக்ஸ் சாக்கெட்டையே பயன்படுத்தலாமே, ஹோஸ்டின் ஃபோல்டரை விஎம்மோடு பகிர்ந்தால் போதாதா?" என்று தோன்றும். எனக்கும் தோன்றியது, செய்தும் பார்த்தேன். பகிர்ந்த ஃபோல்டரில் அந்த சாக்கெட் ஃபைல் கண்ணுக்குத் தெரியும், ஆனால் விஎம்முக்குள்ளிருந்து இணைக்கப் போனால் மறுத்துவிடும். காரணம், யூனிக்ஸ் சாக்கெட்டின் ஃபைல் வெறும் பெயர்ப்பலகை. உண்மையான வாசல் இருப்பது அதைத் திறந்த கெர்னலின் நினைவகத்தில். விஎம்முக்குள் ஓடுவது வேறொரு கெர்னல். அதன் கணக்கில் அப்படி ஒரு வாசலே கிடையாது. ஆக, நமக்குத் தேவை இரண்டு கெர்னல்களுக்கு நடுவே செல்லும், ஆனால் நெட்வொர்க் இல்லாத ஒரு சாக்கெட் குடும்பம். லினக்ஸில் அந்தக் குடும்பத்தின் எண் 40.

வி-சாக்கின் முகவரியில் இரண்டே பகுதிகள், இரண்டும் 32 பிட் எண்கள். ஒன்று காண்டெக்ஸ்ட் ஐடி, சுருக்கமாக சிஐடி. எந்த இயந்திரம் என்பதை அது சொல்கிறது. இன்னொன்று போர்ட், அந்த இயந்திரத்தில் எந்த புரோகிராம் என்பதற்கு. சிஐடியில் 0 ஹைப்பர்வைசருக்கு (விஎம்களை ஓட்டும் மென்பொருள்) ஒதுக்கப்பட்டது, 1 உள்ளூர் லூப்பேக் (கணினி தன்னோடு தானே பேச), 2 ஹோஸ்ட். விஎம்களுக்கு 3 முதல் எண் கொடுக்கலாம். போர்ட்டில் 1024க்குக் கீழே உள்ளவற்றைத் திறக்க, டிசிபியில் போலவே, தனி உரிமை வேண்டும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த 2. எந்த விஎம்முக்குள் இருந்து பார்த்தாலும் ஹோஸ்ட் என்றால் 2தான். அதனால் விஎம்முக்குள் வைக்கிற புரோகிராமில் "சிஐடி 2, போர்ட் 5000" என்று அப்படியே எழுதிவிடலாம். டிஎச்சிபி வேண்டாம், டிஎன்எஸ் வேண்டாம், நெட்வொர்க் கார்டே வேண்டாம். கெர்னல் எழுந்த கொஞ்ச நேரத்திலேயே பேசத் தொடங்கலாம்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது?

மாடி வீட்டுக்காரர்கள் பால்கனியிலிருந்து கயிற்றில் கூடை இறக்கிக் கீரை வாங்குவதைப் பார்த்திருப்பீர்கள். கூடையில் காலிப் பாத்திரத்தை வைத்து இறக்குவார்கள், கீழே இருப்பவர் நிரப்பிவிட்டுக் கயிற்றை ஒரு இழு இழுப்பார், மேலே தூக்கிக்கொள்வார்கள். படி இறங்கி, தெரு சுற்றி, வாசலுக்கு வர வேண்டியதில்லை. லினக்ஸ் கெர்னலின் ஹைப்பர்வைசரான கேவிஎம்மில் ஓடும் விஎம்முக்கு வி-சாக் வேலை செய்வது ஏறக்குறைய இப்படித்தான். மாடி வீடு விஎம், அதாவது கெஸ்ட். கீழ்வீடு ஹோஸ்ட். கூடைக்குப் பெயர் விர்ட்கியூ.

இது சாத்தியமாவதற்கு ஒரு அடிப்படைக் காரணம் உண்டு. கெஸ்ட் தன்னுடைய ராம் என்று நினைப்பது முழுவதும், ஹோஸ்டின் பார்வையில் கியூஎமு என்ற ஒரு சாதாரண புராசஸின் நினைவகத்தில் ஒரு துண்டு. அதாவது கெஸ்ட்டின் நினைவகத்தை ஹோஸ்ட் நேரடியாகப் படிக்கலாம், எழுதலாம். எனவே கெஸ்ட் தன் நினைவகத்தில் ஒரு வட்ட வரிசையை வைத்து, "அனுப்ப வேண்டிய தகவல் இந்த இடத்தில் இருக்கிறது" என்று அதில் குறித்துவிட்டால் போதும். ஹோஸ்ட் அங்கேயே வந்து எடுத்துக்கொள்ளும்.

விஎம்களுக்கான மெய்நிகர் சாதனங்களின் பொது வரையறைக்கு விர்ட்டியோ என்று பெயர். விர்ட்டியோ வி-சாக் சாதனத்தில் இப்படி மூன்று வரிசைகள் இருக்கின்றன. கெஸ்ட் அனுப்புவதற்கு ஒன்று. கெஸ்ட் பெறுவதற்கு ஒன்று. இதில்தான் கெஸ்ட்டின் டிரைவர் காலி பஃபர்களை முன்கூட்டியே வரிசையாக வைத்திருக்கும், ஹோஸ்ட் அவற்றை நிரப்பும். மூன்றாவது, நிகழ்வுகளைச் சொல்வதற்கு. கயிற்றை இழுப்பதற்கு இங்கே நோட்டிஃபிகேஷன். கெஸ்ட் அனுப்பும் வரிசையில் எதையாவது வைத்துவிட்டு ஹோஸ்டைத் தட்டி எழுப்பும், ஹோஸ்ட் பதிலுக்கு ஒரு இன்டரப்ட் மூலம் கெஸ்ட்டைத் தட்டும்.

ஹோஸ்ட் பக்கம் இந்த வேலையைச் செய்வது கெர்னலுக்குள்ளேயே இருக்கும் விஹோஸ்ட்-விசாக் என்ற மாட்யூல். இங்கே புதியவர்கள் பலர் குழம்புகிறார்கள், அதனால் அழுத்திச் சொல்கிறேன்: கியூஎமு இந்தச் சாதனத்தைத் தொடக்கத்தில் அமைத்துக் கொடுக்கிறது, சிஐடி எண்ணைக் கெர்னலிடம் சொல்கிறது, அதன் பிறகு தகவல் போய்வரும் பாதையில் அது இல்லை. கெஸ்ட்டின் கெர்னலும் ஹோஸ்டின் கெர்னலும் நேருக்கு நேர் கொடுத்து வாங்கிக்கொள்கின்றன.

வரிசையில் போகும் ஒவ்வொரு பாக்கெட்டின் தலையிலும் 44 பைட்டில் ஒரு சீட்டு இருக்கும். யாரிடமிருந்து யாருக்கு என்ற சிஐடிகள், போர்ட்கள், தகவலின் நீளம், இது எந்த வகைச் செய்தி, அப்புறம் இரண்டு எண்கள். அந்த இரண்டு எண்களுக்குச் சற்றுப் பிறகு வருகிறேன். செய்தி வகைகள் ஏழுதான். இணைப்புக் கேட்பது, சம்மதம், துண்டிப்பது, மூடப்போகிறேன் என்பது, தகவல், மீதி இரண்டும் இடத்தைப் பற்றியவை. இணைப்புத் தொடங்க டிசிபிக்கு மூன்று செய்திகள் வேண்டும். இங்கே ஒரு கேள்வி, ஒரு பதில், முடிந்தது. கயிற்றில் எதுவும் தொலையாது, வரிசையும் மாறாது என்று தெரிந்திருப்பதால் மூன்றாவதுக்கு அவசியமில்லை.

ஆனால் தொலையாது என்பது தானாக வந்துவிடவில்லை. வி-சாக்கில் புரிந்துகொள்ள வேண்டிய மிக முக்கியமான விஷயம் இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள்.

கெஸ்ட் வேகமாக அனுப்புகிறது, ஹோஸ்டில் இருக்கும் புரோகிராம் மெதுவாகப் படிக்கிறது. படிக்காமல் கிடக்கும் தகவல் ஹோஸ்ட் கெர்னலின் நினைவகத்தில் தேங்கும். எவ்வளவு தேங்கலாம்? வரம்பு இல்லையென்றால் ஒரு கெட்ட விஎம் கொட்டிக்கொண்டே இருந்து ஹோஸ்டின் மொத்த நினைவகத்தையும் நிரப்பிவிடும். வரம்பு வைத்து, மீறியதைத் தூக்கி எறிந்தால், டிசிபி மாதிரி திரும்ப அனுப்புவது, நேரம் கணக்கிடுவது என்று எல்லாச் சுமையும் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். வி-சாக் எடுத்த வழி, இடம் இருக்கிறது என்று தெரிந்தால் மட்டுமே அனுப்புவது. இதற்கு கிரெடிட் முறை என்று பெயர்.

சீட்டில் இருக்கும் அந்த இரண்டு எண்கள் இதற்குத்தான். முதல் எண், "இந்த இணைப்புக்கு என்னிடம் மொத்தம் இவ்வளவு இடம்." இரண்டாவது, "இதுவரை வந்ததில் இவ்வளவைப் படித்து முடித்துவிட்டேன்." ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஹோஸ்டின் இடம் 256 கேபி. இதுதான் லினக்ஸில் இயல்பான அளவு. கெஸ்ட் இதுவரை அனுப்பியது 200 கேபி. ஹோஸ்ட் புரோகிராம் படித்து முடித்தது 150 கேபி. அப்படியானால் படிக்காமல் கிடப்பது 50, மீதி இடம் 206 கேபி. கெஸ்ட் இன்னும் 206 கேபி வரை தைரியமாக அனுப்பலாம், அதற்கு மேல் ஒரு பைட் கூட அனுப்பக் கூடாது. நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஹோஸ்ட் படிக்கப் படிக்க, "இடம் காலியாகியிருக்கிறது" என்று ஒரு செய்தி வரும். அல்லது எதிர்ப்பக்கமிருந்து வேறு எந்தப் பாக்கெட் வந்தாலும் அதன் தலையிலேயே புதிய எண் இருக்கும். பொறுக்க முடியாவிட்டால் கெஸ்ட்டே கேட்டும் தெரிந்துகொள்ளலாம். முன்பு "இடத்தைப் பற்றியவை" என்று சொன்ன இரண்டு செய்தி வகைகளும் இவைதான்.

உங்கள் புரோகிராம் எழுதும்போது இது எப்படித் தெரியும்? அனுப்பும் அழைப்பு சில நேரம் திரும்பி வராமல் நிற்கும், அவ்வளவுதான். எதிரில் இருப்பவர் படிக்கவில்லை என்று அர்த்தம். வி-சாக் தொங்கிவிட்டது என்று புலம்புவோரின் நிரல்களில் நான் பார்த்தவரை பெரும்பாலும் காரணம் இதுவே: இரண்டு பக்கமும் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள், யாரும் படிக்கவில்லை.

இதெல்லாம் விர்ட்டியோ என்ற ஒரு கயிற்றின் கதை. வேறு கயிறுகளும் உண்டு. உண்மையில் வி-சாக்கை லினக்ஸுக்குக் கொண்டுவந்தது விஎம்வேர். 2013இல் வந்த 3.9 கெர்னலில், அவர்களுடைய விஎம்சிஐ என்ற வழியின் மேல் அது உட்கார்ந்திருந்தது. கேவிஎம்முக்கான விர்ட்டியோ வழி 2016இல் 4.8இல் சேர்ந்தது. மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-விக்கான வழி 2017இல் 4.14இல். இவற்றை டிரான்ஸ்போர்ட் என்பார்கள். மேலே இருக்கும் சாக்கெட் முகம் ஒன்றே என்பதால், ஒரு ஹைப்பர்வைசருக்கு எழுதிய கெஸ்ட் புரோகிராம் இன்னொன்றிலும் பெரிதாக மாற்றமில்லாமல் ஓடும். 5.5 வருவதற்கு முன் ஒரு கெர்னலில் ஒரு நேரத்தில் ஒரே டிரான்ஸ்போர்ட்தான் இருக்க முடியும். அதனால் விஎம்முக்குள் இன்னொரு விஎம் ஓட்டினால் நடுவில் இருப்பவர் மேலேயும் கீழேயும் ஒரே சமயத்தில் பேச முடியாமல் தவிப்பார். 5.5 அதைச் சரிசெய்தது.

முயன்று பார்க்க விஎம் கூட வேண்டியதில்லை. கெர்னல் 5.6 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் சிஐடி 1 மூலம் உங்கள் கணினி தன்னோடு தானே பேசலாம். பைத்தானின் சாக்கெட் மாட்யூலில் 3.7 முதல் இந்தக் குடும்பம் இருக்கிறது. முகவரி கேட்கும் இடத்தில் சிஐடியையும் போர்ட்டையும் ஒரு ஜோடியாகக் கொடுத்தால் போதும், மற்ற எல்லாம் டிசிபிக்கு எழுதுவது போலவேதான். நிரல் எழுத விருப்பமில்லையென்றால் சோகேட் கருவியின் புதிய பதிப்புகளும் வி-சாக் பேசும்.

விஎம்மோடு முயல்வதானால், கியூஎமுவுக்கு விஹோஸ்ட்-விசாக்-பிசிஐ என்ற சாதனத்தைக் கொடுத்து கெஸ்ட்டின் சிஐடியை 3 என்று குறியுங்கள். ஒரு ஹோஸ்டில் இரண்டு விஎம்களுக்கு ஒரே சிஐடி கொடுத்தால் இரண்டாவது கிளம்பாது, முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்று பிழை வரும். ஹோஸ்டில் கேட்கும் புரோகிராமை முதலில் ஓடவிட்டு, பிறகு கெஸ்ட்டிலிருந்து சிஐடி 2க்கு இணைத்துப் பாருங்கள். முதல் முறை அந்த வரி கார்டே இல்லாத விஎம்மிலிருந்து வெளியே வந்து திரையில் விழும்போது கிடைக்கும் சந்தோஷத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

இதை யார் உண்மையில் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டால், பலர். ஒவ்வொரு கண்டெய்னர் தொகுதியையும் ஒரு குட்டி விஎம்முக்குள் வைத்து ஓட்டும் காட்டா கண்டெய்னர்ஸ், உள்ளே இருக்கும் ஏஜென்ட்டோடு இதன் வழியாகப் பேசுகிறது. அமேசானின் ஃபயர்கிராக்கர் கெஸ்ட் பக்கம் வி-சாக் காட்டும், ஹோஸ்ட் பக்கம் அதை யூனிக்ஸ் சாக்கெட்டாக மாற்றிக் கொடுக்கும்; ஹோஸ்ட் புரோகிராம் அந்த சாக்கெட்டில் நுழைந்து எந்தப் போர்ட் வேண்டும் என்று ஒரு வரி எழுத வேண்டும். லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் 2024இல் வந்த 256ஆம் பதிப்பு, வி-சாக் உள்ள விஎம்மில் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து உள்நுழையும் வழி) வாசலை அதன் 22ஆம் போர்ட்டில் தானாகவே திறந்துவைக்கிறது. ஐபி இல்லாத விஎம்முக்குள் சிஐடி எண்ணை மட்டும் வைத்து எஸ்எஸ்எச் செய்து நுழையலாம்.

எல்லாவற்றிலும் தெளிவான உதாரணம் அமேசானின் நைட்ரோ என்கிளேவ்ஸ். ரகசியச் சாவிகள் போன்றவற்றைக் கையாளும் அந்தத் தனி விஎம்முக்கு நெட்வொர்க் கார்டு கிடையாது, நிரந்தர டிஸ்க் கிடையாது, உள்ளே நுழைந்து பார்க்கவும் முடியாது. வெளி உலகத்துக்கு இருக்கும் ஒரே துளை, தன் தாய் இயந்திரத்தோடு இணைக்கும் வி-சாக். ஒரே வழி என்றால் அதைக் காவல் காப்பதும் எளிது.

காவல் என்றதும் ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். ஃபயர்வாலுக்கு வி-சாக் தெரியாது. ஐபி பாக்கெட்டே இல்லாததால் நீங்கள் எழுதி வைத்திருக்கும் எந்த ஐபிடேபிள்ஸ் (லினக்ஸ் ஃபயர்வால்) விதியும் இதைத் தொடாது. ஹோஸ்டில் ஒரு புரோகிராம் வி-சாக் போர்ட்டில் காத்திருந்தால், அந்த ஹோஸ்டில் வி-சாக் உள்ள எல்லா விஎம்களும் அதன் கதவைத் தட்டலாம். யார் தட்டுகிறார்கள் என்பதை ஓரளவு நம்பலாம், ஏனென்றால் விஹோஸ்ட் மாட்யூல் ஒவ்வொரு பாக்கெட்டின் சிஐடியையும் அந்த விஎம்முக்குக் கொடுத்த எண்ணோடு ஒப்பிட்டு, பொருந்தாததை எறிந்துவிடுகிறது. 3ஆம் விஎம் தன்னை 4 என்று சொல்லிக்கொள்ள முடியாது. ஆனால் 3க்குள் யார் என்பது தெரியாது. அங்கே எந்த உரிமையும் இல்லாத ஒரு சாதாரண பயனரின் புரோகிராம் கூட சிஐடி 2க்கு இணைக்கலாம். எனவே ஹோஸ்ட் புரோகிராம் "உள்ளிருந்து வருகிறது, நம்ம ஆள்தான்" என்று நினைத்து ரூட் (முழு உரிமையுள்ள நிர்வாகி) வேலைகளைச் செய்து கொடுத்தால் அது பெரிய ஓட்டை. அடையாளச் சோதனையை உங்கள் புரோகிராம்தான் செய்ய வேண்டும். கண்டெய்னர் கருவியான டாக்கர் தன் இயல்பான செக்காம்ப் விதிகளில் (எந்தக் கெர்னல் அழைப்புகளுக்கு அனுமதி என்ற பட்டியல்) கண்டெய்னர்கள் வி-சாக் திறப்பதைத் தடுத்து வைத்திருப்பதும் இந்தக் கவலையால்தான்.

கெர்னல் நிரலிலும் தவறு நேர்ந்திருக்கிறது. முன்பு சொன்ன 5.5 மாற்றத்தில், எந்த டிரான்ஸ்போர்ட் என்று நினைவகத்தில் சுட்டும் பாயின்டரைச் சில இடங்களில் பூட்டுப் போடுவதற்கு முன்பே எடுத்து வைத்துக்கொண்டார்கள். பூட்டுக்குக் காத்திருக்கும் இடைவெளியில் இன்னொரு த்ரெட் அந்த டிரான்ஸ்போர்ட்டை மாற்றிவிட்டால், கையில் இருப்பது காலாவதியான பாயின்டர். ஆய்வாளர் அலெக்சாண்டர் போபோவ் 2021இல் இதைக் கண்டுபிடித்து, நினைவகத்தில் நான்கே பைட்டுகளைத் தவறாக எழுத வைக்கும் அந்தச் சின்ன ஓட்டையிலிருந்து சாதாரண பயனர் ரூட் ஆகிவிட முடியும் என்று செய்தே காட்டினார். பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2021-26708 என்ற எண்ணில் அது பதிவாகி, அவர் அனுப்பிய திருத்தத்தாலேயே சரியானது. வி-சாக் மாட்யூல் பல லினக்ஸ்களில் யாராவது ஒரு வி-சாக் சாக்கெட் திறக்கக் கேட்டாலே தானாக ஏறிக்கொள்ளும் என்பதால், நீங்கள் பயன்படுத்தவே இல்லை என்றாலும் அந்த ஓட்டை உங்கள் கணினியிலும் இருந்திருக்கலாம்.

வி-சாக் செய்யாத வேலைகளும் உண்டு. இரண்டு விஎம்கள் தங்களுக்குள் பேச வேண்டுமென்றால் விஹோஸ்ட்-விசாக் உதவாது, அது ஹோஸ்டுக்கு வரும் பாக்கெட்டை மட்டுமே ஏற்கும். இரண்டு கணினிகளுக்கு நடுவே என்றால் பேச்சே இல்லை, அங்கே டிசிபிதான்.

ஓடிக்கொண்டிருக்கும் விஎம்மை நிறுத்தாமல் இன்னொரு ஹோஸ்டுக்கு நகர்த்தினால் என்ன ஆகும் என்பதையும் புரோகிராம் எழுதும்போதே நினைவில் வையுங்கள். டிசிபி இணைப்புகள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும், வி-சாக் இணைப்புகள் பிழைக்காது. புதிய இடத்தில் எழுந்ததும், நான் முன்பு விளக்காமல் விட்ட அந்த மூன்றாவது வரிசை வழியாக "எல்லாம் மாறிவிட்டது" என்று ஒரு நிகழ்வு வரும், கெஸ்ட்டின் கெர்னல் திறந்திருந்த எல்லா இணைப்புகளையும் துண்டித்துவிடும். காத்திருக்கும் வாசல்கள் மட்டும் அப்படியே இருக்கும். உங்கள் ஏஜென்ட் மறுபடியும் சிஐடி 2க்கு இணைக்க வேண்டும், இந்த முறை 2 என்பது வேறொரு இயந்திரம். அங்கே உங்கள் ஹோஸ்ட் புரோகிராம் இன்னும் கிளம்பியிருக்கவில்லை என்றால் ஒரு நொடி பொறுத்துத் திரும்ப முயலும்படி அதை எழுதி வைத்திருக்க வேண்டும்.